எதிர் வீட்டு லைன்

மந்தைவெளியில் என் மகன் வீட்டில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர், கீழே ஒரு கம்ப்யூட்டர். போன வாரம் இரண்டுக்கும் தொடர்பு விட்டுப் போயிற்று. மகன் ஒயரைப் பிடுங்குவதும் மாட்டுவதுமாகப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"கோளாறு எந்தப் பக்கம்னு மொதல்ல பாருடா" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் இன்னாம்மா தெரியும்?" என்று சிரித்தான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனால் இந்த வேலையை அவன் பிறக்கும் முன்பே பார்த்தவள்.

அப்போது நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தோம். எதிர் வீட்டு முன்னறையில் தையல் கடை. அங்கே தைக்கிற சட்டைகளுக்குக் காஜா எடுத்து பட்டன் கட்டிக் கொடுப்பது என் அம்மா. வேலை முடிந்ததா, துணி வந்ததா என்று கேட்டுக்கொண்டு தெருவுக்குக் குறுக்கே நாளெல்லாம் ஓடுவது நான். பாண்டி ஆட்டத்தில் என் முறை வரும்போதுதான் கூப்பிடுவார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட இரண்டு போன்களைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, என் ஓட்டத்தைக் குறைக்கிறேன் என்று மொட்டை மாடி வழியாக இரண்டு வீட்டுக்கும் கம்பி இழுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த வீட்டில் போனை எடுப்பது தையல்காரரின் மகள். நான் அக்கா என்பேன். வயசுப் பையன்களை வாசலோடு அனுப்பிவிடுகிற அந்த மனிதர், லைன் ரிப்பேர் என்றால் மட்டும் மாமாவை உள்ளே விடுவார்.

லைனோ, சாயந்தரமானால் செத்துப்போகும். மாமா வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, பவுடர் போட்டு, திருப்புளியைச் சட்டைப் பையில் செருகுவார். எங்கள் பக்கத்து பேட்டரியைப் பார்ப்பார், கம்பியைப் பார்ப்பார். "அந்தப் பக்கம்தான் கோளாறு" என்று கிளம்பிவிடுவார். இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது நான்.

"கேக்குதா?"

"கேக்குது மாமா!"

"நல்லா கேக்குதா?"

"பக்கத்துல கீற மாதிரி கேக்குது!"

"எனக்குச் சரியா கேக்கல. இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னால் அக்கா சிரிப்பதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

மாமா தினமும் இப்படிப் பாடுபடுகிறாரே என்று எனக்கு வருத்தம். ஒருநாள் லைன் போனதும், அவர் வருவதற்குள் நானே கிளம்பினேன். அவர் செய்கிற மாதிரியே பேட்டரியில் ஆரம்பித்து, கம்பி போகிற வழியைப் பார்த்துக்கொண்டே எதிர் வீட்டில் போய் நின்றேன். அக்காவின் போனுக்கு அடியில் கம்பி திருகாணியை விட்டுக் கழன்று தொங்கியது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"எலி இஸ்துகினு போயிருக்கும். உங்க மாமா வந்து பாக்கட்டும், நீ போ."

நான் விடுவேனா? கம்பியைச் செருகிப் பல்லைக் கடித்துத் திருகினேன். அதற்கு மேல், அம்மா பட்டனுக்குப் போடுகிற முடிச்சை நூலால் நெருக்கிப் போட்டேன். எலி என்ன, மாடு இழுத்தாலும் வராது. தையல்காரர் வாய் பிளந்தார். "இத்தினி நாளா உங்க மாமனால ஆவல, நீ முடிச்சிட்டியே கண்ணு! இனிமே இத்த யாரும் தொடக் கூடாது" என்று போனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் தையல் மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சாயந்தரம் மாமா பவுடர் முகத்தோடு வந்தார்.

"லைன் சரியாப் போச்சு மாமா, நீ போவத் தேவல!"

போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் தையல்காரர் இருமிவிட்டு, "யாருப்பா?" என்றார். மாமா மெதுவாக வைத்துவிட்டார். ஒரு சபாஷ் கிடையாது. அக்காவும் துணி மூட்டையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. சின்னப் பெண் செய்துவிட்டாளே என்று இரண்டு பேருக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து லைன் மறுபடி செத்தது. என் முடிச்சு அசையாமல் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி அறுந்திருந்தது அவர்கள் மொட்டை மாடியில், அக்கா துணி உலர்த்துகிற இடத்தில். "காக்காதான் கொத்திச்சு, நான் பாத்தேன்" என்றாள் அக்கா. தையல்காரரே எங்கள் வாசலுக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டார். மாமா பவுடர் போடக்கூட நிற்காமல் ஓடினார்.

பிற்பாடு அவளை அத்தை என்று கூப்பிடும்படி ஆகிற வரைக்கும் எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கத்தரிக்கோல் வைத்து வெட்டினாற்போல் அத்தனை சுத்தமாக அந்தக் காக்கா எப்படிக் கொத்தியது?