சிகாகோவிலிருந்து ஒரு பாராட்டு

வெளிநாட்டு மேலதிகாரிக்கும் உள்ளூர்க் குழுவுக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது என் தொழில். உங்களில் சிலருக்கும் இதே நாற்காலி கிடைத்திருக்கலாம். முதுகுவலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழு மைசூரில், தலைவர் கிரெக் சிகாகோவில்.

குறை கேட்டது

பொறுப்பேற்றதும் கிரெக் திரையில் தோன்றி, தன்னுடைய குறைகளைத் தயங்காமல் சொல்லச் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கிரெக் திருப்தியாக விடைபெற்றார்.

கீழே காபிக் கடையில்தான் குறைகள் வந்தன. ஆபீஸ் பஸ் கிளம்பும் நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கிறார். பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன். குழுவில் மூத்தவரான மஞ்சுநாத் கன்னடத்தில் சொன்னார்: "நாங்க சொன்னா மரியாதையா இருக்காது சார். உங்களை அதுக்குத்தானே வெச்சிருக்காங்க."

பாராட்டு

அடுத்த கூட்டத்தில் கிரெக் எங்கள் குழுவிலிருந்த சவிதாவை மட்டும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மறுநாளிலிருந்து சவிதாவை யாரும் காபிக்குக் கூப்பிடவில்லை. "மேடம் இனிமே சிகாகோ காபிதான் குடிப்பாங்க" என்றார் மஞ்சுநாத்.

இரண்டு வாரத்தில் சவிதாவின் ராஜினாமா மெயில் எனக்கு வந்தது. வேறு வேலை என்றால் பெங்களூர்தான். உடம்புக்கு முடியாத அம்மாவை இங்கே விட்டுப் போக வேண்டும். யோசித்தாயா என்று கேட்டேன். சவிதா என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்: "யோசிச்சுட்டேன் சார். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, அதனால பேசுவாங்க."

கதவு

கிரெக்கிடம் சொன்னேன். இன்னொரு முறை பாராட்டிப் பார்க்கலாமா என்றார். வேண்டாம், எல்லார் முன்னாலும் ஏதாவது குறை சொல்லுங்கள் என்றேன். பாராட்டுவது சபையில், கண்டிப்பது கதவைச் சாத்திக்கொண்டு என்றுதான் அவருக்குப் பழக்கம். இங்கே அது நேர்மாறு என்றேன். அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில், சவிதாவின் அறிக்கை ஒரு நாள் தாமதம் என்றார். உண்மைதான். சொல்லும்போது கிரெக்கின் முகம் சிவந்திருந்தது. திரை அணைந்ததும் மஞ்சுநாத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்: "ஒரு நாள் லேட்டானா என்னவாம்? நம்ம பொண்ணைக் கேக்க இவர் யாரு? வாம்மா சவிதா, காபி குடிச்சிட்டு வரலாம்."

முறை

சாயங்காலம் சவிதா என் மேஜைக்கு வந்து, அந்த மெயிலைப் பார்க்காத மாதிரி விட்டுவிடச் சொன்னார். கிரெக்குக்குத் தெரிவித்தேன். திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன் என்னைத் தனியாக அழைத்து, மிகுந்த பொறுப்போடு கேட்டார்: "இந்த வாரம் நான் யாரைத் திட்ட வேண்டும்?"

எல்லை கடந்த தலைமை என்று பயிற்சி வகுப்பில் சொல்வது, என் அனுபவத்தில், தூரத்தில் இருப்பவர் இங்கே யாருக்காகக் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று வாராவாரம் சொல்லிக்கொடுப்பதுதான்.