அம்மாவைச் சிரிக்கச் சொன்னார்கள்

என் பாட்டு ஒழுகும் கூரையைப் பற்றியது. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், மழை வந்தால் எந்த மூலையில் எந்தப் பாத்திரத்தை வைப்பது என்று தெரிந்தே வளர்ந்தவன் எழுதிய ராப். அதை வெளியிட ஒப்பந்தம் பேசிய சென்னை மியூசிக் கம்பெனி, வீடியோ எடுக்க ஒரு வண்டி நிறைய ஆட்களை அனுப்பியது.

வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. வெளிச்சம் பத்தாதாம். நேரே தேயிலைக் காட்டுக்குப் போனார்கள். கத்தரியால் கொழுந்து வெட்டிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்த என் அம்மாவின் முதுகில் ஒரு மூங்கில் கூடையை மாட்டினார்கள். வரும் வழியில் வாங்கிய கூடை. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் டைரக்டர்.

அம்மா உடனே சிரித்தார். டூரிஸ்ட் வண்டி நின்றால் நிமிர்ந்து சிரிக்க வேண்டும் என்று சூப்பர்வைசர்கள் பழக்கிவைத்த சிரிப்பு அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, பாட்டை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டீங்களா?"

"பீட் சூப்பர் ப்ரோ" என்றார்.

ஒப்பந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த மழையில் வீட்டுக்குள்ளேயே என் போனில் படம் பிடித்தேன். பாத்திரத்தில் சொட்டும் தண்ணீர்தான் பீட். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து வைத்ததில் பின்னால் இருந்த மலையும் கொஞ்சம் படத்தில் விழுந்துவிட்டது. நானே யூடியூபில் ஏற்றினேன்.

முதல் கமெண்ட் வந்தது: "செம வியூ ப்ரோ. அங்க தங்க ரூம் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்று பதில் போட்டேன். "பாத்திரம் மட்டும் நீங்களே கொண்டுவரணும்."