அப்பா பேசிய வாரம்

“காய்ச்சல் மாத்திரை தின்னா யாருக்காச்சும் புத்தி பெரளுமா அம்மணி? ரெண்டெழுத்துப் படிச்சுப்போட்டா சாமி செஞ்சதெல்லாம் இல்லீன்னு ஆயிருமா?” என்றார் அத்தை. மருந்தாளுநர் படிப்பு முடித்து வந்திருந்த நான், என் சிறுவயதில் ஒருமுறை அப்பாவைப் பிடித்தது காத்து கருப்பு அல்ல, மலேரியா மாத்திரைதான், அபூர்வமாகச் சிலருக்கு அது புத்தியைப் புரட்டும் என்று சொல்லிவிட்டிருந்தேன்.

அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஒரிசா வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் பேச மாட்டார். சோறு போதும் என்பதைக்கூடக் கையால்தான் சொல்வார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மலேரியாவோடு வந்து சேர்ந்தார். மாத்திரை உறையில் கம்பவுண்டர் எழுதியிருந்ததை வாசிக்க வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. முதலில் நான்கு, பிறகு இரண்டிரண்டு. ஒன்றுகூடத் தவறாமல் கொடுத்தேன். அதில் எனக்கு ஏகப் பெருமை.

காய்ச்சல் இறங்கியது. அப்பா பேசத் தொடங்கினார். தூங்கவில்லை, நிறுத்தவுமில்லை. நீரோட்டம் பார்ப்பவர்களைப் போல உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். பின்னால் நான், அடையாளம் வைக்கச் சுண்ணாம்புக் கிண்ணத்தோடு.

“வா கண்ணு, அடியில தண்ணி ஓடறது எனக்குக் கேக்குது.”

ஒரிசாக் காட்டில் பார்த்த யானை, என் வயதில் அவர் தொலைத்த ஆட்டுக்குட்டி, எல்லாம் சொன்னார். அத்தனை முறை அவர் என்னை அழைத்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அடுப்படியில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கேதான் தண்ணீர் என்று கடப்பாரையால் தளத்தை உடைத்தார். தடுத்த அம்மாவிடம், “எஞ்சோத்துல என்னத்தக் கலந்தே?” என்று அதையே ஓங்கினார். அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாமா அவரைக் கருப்பராயன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். மாத்திரை முந்தின நாளே தீர்ந்திருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. ஒரு வாரத்தில் அப்பா அடங்கினார். உடைத்த தளத்தைத் தானே பூசிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியேறினார்.

கருப்பராயனுக்குக் கிடா வெட்டிய அன்று, அவர் மறுபடி அப்படிப் பேச வேண்டும் என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டேன். அந்தப் பேச்சை நான்கும் இரண்டுமாக என் கையாலேயே கொடுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அத்தையிடம் வாதாடவில்லை. அப்பா அடுத்த வாரம் ஒரிசா கிளம்புகிறார். டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, மறுபடி மலேரியா வந்தால் இந்த மாத்திரை இவருக்கு ஆகாது, வேறு கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கி, அவர் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று கையால் சொன்னார்.