போர்த் தண்ணியில் வந்த நிறம்

பக்கத்து வீட்டு அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் வந்ததுக்கு முதல் காரணம், வருஷா வருஷம் அவர் வாசலில் வந்து நிற்கிற செப்டிக் டேங்க் லாரி. எங்கள் வீட்டுக்கு அந்த லாரி வந்ததே இல்லை. கட்டின நாளிலிருந்து எங்கள் டேங்க் நிறைந்ததே கிடையாது. அம்புட்டு ராசியான டேங்க் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கம் எங்கள் தெரு. மேலே கொஞ்சம் மண், அதுக்குக் கீழே சரளை, அப்புறம் முழுக்கப் பாறை. சரளையில் ஊறிவந்த பழைய போர் போன கோடையில் வற்றிப்போச்சு. புதுசு போட்டோம். பாறைக்குள் இறங்க இறங்க வெறும் புழுதிதான் பறந்தது. திடீரென்று போர் வண்டிக்காரர், "கேப் விழுந்திருச்சுண்ணே!" என்று கத்தினார். பாறையில் வெடிப்பு கிடைத்தால் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பீய்ச்சியடித்த தண்ணீரில் சந்தோஷமாக நனைந்துகொண்டு நின்றேன். "மண்ணுன்னா வடிகட்டித் தரும்ணே. கேப்புல அதெல்லாம் கிடையாது, எது விழுந்தாலும் அப்படியே வரும்" என்றார். அதை யார் காதில் வாங்கினார்கள்?

மகள் பிரசவத்துக்கு வந்து, பேரனும் பிறந்த பிறகுதான் தண்ணீர் நாற ஆரம்பித்தது. பிள்ளை உடம்பெல்லாம் பொரிபொரியாகக் கிளம்பிவிட்டது. பார்க்க வந்த சம்பந்தியம்மா பக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை காரோட வாரேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டு மனுஷன் டேங்க்தான்! அவர் வீடு மேட்டில், எங்களது பள்ளத்தில். வேற எங்கேயிருந்து வரும்?

நேரே போய்க் கேட்டேன். "சந்தேகம்னா சோதிச்சுப் பாத்துக்கங்க தம்பி. உங்க டேங்கையும் சேத்துப் பாருங்க" என்றார். பேச்சைப் பாரு! செல்லூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் சிவப்புச் சாயம் வாங்கிவந்து, அவர் வீட்டுக் கக்கூஸில் நானே நின்று ஊற்றினேன். எங்கள் டேங்குக்கு எதுக்கு நல்ல சாயம்? வீட்டில் கிடந்த சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தேன்.

மோட்டார் போடும்போதெல்லாம் சிவப்பைத்தான் தேடினேன். சனிக்கிழமை காலை, பிள்ளையைக் குளிப்பாட்ட மனைவி பிடித்த வெள்ளை பக்கெட்டில் லேசாக நீலம்.

டேங்க் கட்டின கொத்தனாருக்குப் போன் போட்டேன். "அடியில கான்கிரீட் போட்டா நிறைஞ்சுக்கிட்டே இருக்கும்ணே. இந்தப் பக்கம் யாருமே போடுறதில்ல. உங்க நல்லதுக்குத்தான் விட்டேன்" என்றார் சாவகாசமாக. அடப்பாவி! ராசியான டேங்க் இம்புட்டு வருஷமும் பூமிக்குள்ளேதான் இறங்கியிருக்கிறது. இப்போது கேப் வழியாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் தன் வீட்டுக் குழாயிலிருந்து சுவருக்கு மேலே ஹோஸை நீட்டினார். "பிள்ளைக்கு இதைப் பிடிங்க" என்றார். என்னதான் இருந்தாலும் ஒரு கை பிடித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பக்கெட்டில் விட்டேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சொன்னபடி காரோடு வந்த சம்பந்தியம்மாவும் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். "நல்ல தண்ணியாத்தான் இருக்கு. அப்ப பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றவர், "இது எங்கருந்து வருது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பக்கெட்டைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

மனைவிதான் சுவரைக் காட்டினாள். "வருஷா வருஷம் லாரி வரும்னு இவுக சொல்லுவாகள்ல, அந்த வீட்டுலருந்து."