சகலையும் சக்கரப் பெட்டியும்

'பெட்டிக்கடையில் வேலை' என்று யாராவது சொல்லிவிட்டால் ஜிப்புவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். மிட்டாயும் தீப்பெட்டியும் விற்கிற கடையா அது? ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்குப் பெட்டி விற்கிற கடை. இரண்டு மாடி, கண்ணாடிக் கதவு. மீசை அரும்பிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். ஜிப்பின் ரன்னரை ஒற்றை விரலில் கோத்து, பெட்டியைச் சுற்றி ஒரே இழுப்பில் திறந்து மூடுவார். அதனால் வந்த பெயர்தான் ஜிப்பு. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவிகூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய வியாபார முறையே தனி. பெட்டியைத் தரையில் படுக்கவைப்பார், செருப்பைக் கழற்றுவார், அதன்மேல் ஏறி நின்றுவிடுவார். "பாருங்க சார், ஆளே நிக்கிறேன். அசையுதா?" ஆள் நல்ல பருமன். இவர் நின்று நசுங்காத பெட்டியை இனி எவனாலும் நசுக்க முடியாது என்பது வாங்க வந்தவருக்குத் தானாகவே விளங்கிவிடும். இப்படி உலகத்துக்கே பெட்டி விற்றவர் தாம் மட்டும் எங்கும் போனதில்லை. அவர் வீட்டு அலமாரிமேல் இருக்கும் பெரிய சிவப்புப் பெட்டிக்குள் பழைய போர்வைகள் தூங்குகின்றன.

முதலாளி ரயில் நிலையத்துக்கு எதிரே இரண்டாவது கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "அங்க ஒரு பொறுப்பான ஆள் வேணும். நீதான்யா பாத்துக்கணும்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். போதாதா? ஜிப்பு மனதுக்குள்ளேயே அந்தக் கடைக்கு மேசை நாற்காலி போட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, நாலு பேரை விரட்டி வேலை வாங்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார். மனைவியின் தங்கை கணவர், அதாவது அவருடைய சகலை, ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதை இழுத்து மூடிவிட்டார்கள். சகலை ஜிப் அறுந்த பையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்த ஜிப்பைத் தைத்துக் கொடுத்தவர் இவர். முதலாளியிடம் அழைத்துப்போய், "நம்ம வீட்டு ஆளுங்க. ஒரு ஓரமா நின்னு பெட்டியைத் துடைச்சுக்கிட்டு இருப்பாரு" என்று பல்லைக் காட்டி வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

ஓரமாக நிற்க வந்தவர் ஒரே மாதத்தில் வாசலுக்கு வந்துவிட்டார். கடையில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள். வாத்தியார் பெட்டிமேல் ஏறுவதில்லை. வந்தவரை முதலில் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பார்.

"லக்கேஜ் லக்கேஜ்னு சொல்றோமே, அப்படின்னா என்னன்னு தெரியுமா சார்?"

"பெட்டி, பை... அதானே?"

"இல்ல சார். ஆங்கிலத்துல 'லக்'னு ஒரு பழைய சொல் இருக்கு. முக்கி முனகி இழுக்கிறதுன்னு அர்த்தம். அதிர்ஷ்டத்துக்குச் சொல்றோமே, அந்த 'லக்' இல்ல, இது வேற. 'பேக்கேஜ்'னு ஒரு சொல் ஏற்கெனவே இருந்துது. அதோட வாலை வெட்டி இதுல ஒட்டிட்டாங்க. லக்கேஜ்! அதாவது, இழுத்துட்டு அலைய வேண்டிய சுமை. நானூறு வருஷத்துக்கு மேலா மனுஷன் இழுத்துட்டுதான் இருக்கான்."

சொல்லிவிட்டு, மணல் மூட்டை வைத்த பழைய கைப்பிடிப் பெட்டி ஒன்றைத் தூக்கச் சொல்லுவார். வந்தவர் இரண்டடி நடந்து, முகம் சிவந்து, கீழே வைப்பார். "இதுதான் சார் அந்த 'லக்'." பிறகு அதே மூட்டையை நாலு சக்கரப் பெட்டிக்கு மாற்றி, சுண்டு விரலால் தள்ளிவிடுவார். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக முதலாளியின் மேசை முன்னால் நிற்கும். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ஜிப்புவுக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை, சோறு இறங்கவில்லை. வந்தவர்கள் தம்மைத் தாண்டி எட்டிப்பார்த்து, "அந்தக் கதை சொல்ற சார் இல்லையா?" என்று கேட்கும்போதெல்லாம், 'செத்துப்போயிட்டாரு' என்று சொல்ல நாக்கு துடித்தது. பாவம், சொல்லவில்லை, மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டார்.

கடையில்தான் இந்தக் கொடுமை என்றால், வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். "என்னங்க, லக்கேஜ்னா என்ன அர்த்தம் தெரியுமா? தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னாராம். கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு! இத்தனை வருஷமா நீங்களும் அங்கதானே இருக்கீங்க, ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"நான் பெட்டி விக்கிறேன்டி. அர்த்தம் விக்கல."

"அவரு ரெண்டும் விக்கிறாரே."

அன்றோடு அவருக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு அழகாக ஒரு சொல்லுக்குக் கதை இருக்குமா? ஆள் கட்டித்தான் விடுகிறான். அது பொய் என்று நிரூபித்துவிட்டால்? 'முதலாளி, கடைக்கு வர்றவங்க காதுல பூச்சுத்துறாரு உங்க வாத்தியார்' என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். ரயில் நிலையக் கடையும் கை நழுவாது.

மகளின் கைபேசியை வாங்கித் தேடச் சொன்னார். மகள் படிக்கப் படிக்க இவர் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனையும் உண்மை. 'லக்' என்றால் இழு. 'பேக்கேஜ்' போலவே 'லக்கேஜ்'. எல்லாம் சகலை சொன்னபடியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா" என்றாள் மகள். "அந்தச் சொல்லே வடக்க, பனி பெய்யுற நாடுகள்ல இருந்து வந்திருக்கலாமாம். அங்க ஒரு பாஷைல 'லுக்கா'ன்னா, முடியைப் பிடிச்சு இழுக்கிறதாம்."

ஜிப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். முடியா? இதை வாத்தியார் சொல்லவே இல்லையே! அவனுக்குத் தெரியாதது தமக்குத் தெரிந்துவிட்டது என்றதும் தலைகால் புரியவில்லை. அவர் மனதுக்குள் வாத்தியாரோடு நடப்பதே குடுமிப்பிடிச் சண்டைதான். அந்தச் சொல்லின் வேரிலும் அதுவே இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் முதல் ஆளாகக் கடைக்குப் போய் வாசலைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் நல்ல உடை உடுத்திய பெரிய மனிதர்; அலுவலகத்துக்கே மொத்தமாகப் பெட்டிகள் வாங்க வந்தவர். உள்ளே முதலாளி மேசையில் இருந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? ஜிப்பு அவரை உட்காரவைத்து, எதிரே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"சார், லக்கேஜ்னா முடியைப் பிடிச்சு இழுக்கிறதுன்னு அர்த்தம். தெரியுமா உங்களுக்கு?"

சொன்ன வேகத்தில், சரியாக விளங்க வேண்டுமே என்று, இரண்டு கையாலும் எதிரில் இருப்பவர் தலையிலிருந்து முடியைப் பிடுங்குவது போல நடித்தும் காட்டினார். அப்போதுதான் கவனித்தார். அந்தத் தலையில் பிடுங்க ஒன்றுமே இல்லை. விளக்கு வெளிச்சம் பட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"என்னய்யா, கிண்டலா?" பெரிய மனிதர் எழுந்துவிட்டார்.

முதலாளியும் எழுந்துவிட்டார். துடைத்துக்கொண்டிருந்த பெட்டியை விட்டுவிட்டு வாத்தியார்தான் ஓடிவந்தார்.

"சார், சார், அவரு சொன்னது நிஜம். ஆனா பாதிதான் சொன்னாரு. முடி இருக்கிறவனைத்தான் எவனாவது பிடிச்சு இழுப்பான். உங்களை யாரும் அசைக்க முடியாது. உங்களுக்கு இழுபறி இல்லாத பெட்டியா எடுத்துத் தரேன், உட்காருங்க."

பெரிய மனிதர் ஒரு கணம் முறைத்தார். பிறகு தலையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். மொத்தமாகப் பெட்டிகள் வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாத்தியார் இவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அந்த முடிக் கதை எனக்கும் தெரியும்ண்ணே. நாலு விதமான தலை வந்துபோற இடமாச்சேன்னு அதை விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

திட்டியிருந்தால் தேவலை. இந்தக் கனிவைத்தான் ஜிப்புவால் தாங்க முடியவில்லை. இந்த மனிதன் ஒரு நல்ல அயோக்கியனாக இருந்து தொலைத்தால் என்ன என்று இருந்தது.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் போய் நின்றார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டேஷன் கடைக்கு நீதான்" என்றார் முதலாளி.

ஜிப்புவால் நம்ப முடியவில்லை. "நானா முதலாளி? காலைல அப்படி ஆனப்புறமுமா?"

"வேற என்ன பண்றது? வாத்தியாரை அனுப்பத்தான் நினைச்சேன். ஆனா அவரை அனுப்பிட்டா இங்க எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும். நீ போய்யா, பரவாயில்ல."

கேட்டது கிடைத்துவிட்டது. மனைவி தெருவெல்லாம் சொல்லி வந்தாள். "தங்கச்சி வீட்டுக்காரருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அண்ணனுக்குக் கிடைக்க வேண்டியதுதான்னு சொன்னாராம்." முதலாளி சொன்ன காரணத்தை மட்டும் ஜிப்பு யாரிடமும் சொல்லவில்லை.

புதுக் கடையில் மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, நேர்மேலே மின்விசிறி இருந்தது. முதல் நாள் ஒரு அம்மாள் கைப்பையோடு உள்ளே வந்தார். ஜிப்பு வழக்கம்போல ஒரு பெட்டியைப் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றி, ஒரு காலைத் தூக்கினார். என்ன தோன்றியதோ, காலைக் கீழே வைத்துவிட்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். சகலை இல்லை, முதலாளி இல்லை, யாரும் இல்லை.

"அம்மா, லக்கேஜ் லக்கேஜ்னு சொல்றோமே, அப்படின்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியுமே!" என்று அந்த அம்மாள் முகம் மலர்ந்தார். "இழுக்கிறதுதானே? உங்க பெரிய கடைல ஒரு சார் சொன்னாரே. எவ்வளவு அழகாச் சொன்னாரு! அவரு இங்க எப்ப வருவாரு?"

ஜிப்பு பெட்டியைப் பார்த்தார், கழற்றிய செருப்பைப் பார்த்தார்.

"அவரு வரமாட்டாரும்மா. அவரு என் சகலைதான். நான்தான் அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டேன்."

"அப்படியா! குடுத்து வச்சவருங்க நீங்க" என்றார் அந்த அம்மாள்.

ஜிப்பு பெட்டிமேல் ஏறி நின்றார்.