ஆயில்யமா, மகமா

எங்கள் மகள் எங்களுக்குப் பிறந்தவள் அல்ல. அலோர் ஸ்டாரில் ஒரு தனியார் பிரசவ கிளினிக்கில் பிறந்தவளை, முறைப்படி தத்தெடுத்துச் சிடாம் கிரிக்குக் கொண்டு வந்தோம். முருகன் கொடுத்த பிள்ளை. இது அவளுக்கும் தெரியும், இப்போது சம்பந்தம் பேசி வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும்.

சிக்கல் ஜாதகத்தில் வந்தது. எங்களிடம் இருந்த பிறப்புப் பத்திரத்தில் தேதி இருந்தது, நேரம் இல்லை. பஞ்சாங்கம் பார்த்த குருக்கள், அன்று மத்தியானம் வரை ஆயில்யம், பிறகு மகம் என்றார். மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்.

"அண்ணே, பொண்ணு தங்கம்தான். ஆனா ஆயில்யம்னா மாமியாருக்கு ஆகாது. நானும் கொஞ்ச நாள் இருக்க வேணாமா? நேரத்த மட்டும் கேட்டுச் சொல்லிடுங்கலா."

மகளோடு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் தேடிப் பார்த்தார்.

"இருக்கு அங்கிள். ஆனா கொடுக்க முடியாது. பிள்ளைக்குன்னு தனி ஃபைல் இல்ல, பெத்தவங்க ஃபைல்லதான் இருக்கு. இன்னொருத்தங்க விவரம் கலந்திருந்தா, அவங்க சம்மதம் இல்லாம காட்டக்கூடாதுன்னு சட்டம்."

"அவங்க யாருன்னு நான் கேக்கலக்கா," என்றாள் மகள். "பேர மறைச்சிடுங்க. நான் பொறந்த நேரம் என்னோடது இல்லையா?"

அந்தப் பெண் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். "தாக் போலே, முடியாதுன்னுட்டாங்க தங்கச்சி. உங்களப் பெத்தவங்க நம்பருக்கும் அடிச்சுப் பாத்தோம். பழைய நம்பர், போகல."

அந்தத் தாய்மேல் எனக்குக் கோபமில்லை. மறைந்து வாழ அவருக்கும் காரணம் இருக்கும். அதற்குச் சட்டம் காவல் நிற்பதும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நடுவில் நிற்பது என் பிள்ளை.

வீட்டில் மனைவி சொன்னாள்: "மகம்னு சொல்லிடுங்க. யாரு போய்ப் பாக்கப் போறா?"

மகம் என்று சொல்லிவிட்டால், இனி அர்ச்சனைக்கும் அந்தப் பொய்தான். சாமி முன்னால் அதைத்தானே சொல்ல வேண்டும்? அதற்குள் மகள் மறுத்தாள்.

"வேணாம்மா. நாளைக்கு அந்த அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

அவளே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து, நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னாள். "யோசிச்சுச் சொல்றேன்மா," என்றாராம் அவர்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். குருக்கள் மகளின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இத்தனை வருஷமும் பெயரின் முதல் எழுத்துக்குப் பொருந்தும் நட்சத்திரத்தைச் சொல்லி வந்தோம். அன்று அது என் வாயில் வரவில்லை.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றாள் மகள். அந்த அத்தையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. தீபாராதனை காட்டும்போதும் கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கும்பிட்டாள்.