பல்செட்டாரின் பந்தய சீட்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் பெயர் பல்செட்டார். முப்பது வருடங்களுக்கு மேல் அடுத்தவர் வாய்க்குப் பொய்ப்பல் செய்து கொடுத்தே வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார், கடைசியில் பெரிய சாலையில் இருந்த பட்டறையைக் கட்டடத்தோடு விற்று நல்ல தொகையும் பார்த்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பிறந்தநாளை மறந்தாலும் கேட்டால் அசடு வழிவார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் அவரைப் பற்றி நல்லதாக அதிகம் வராது. நான் பேருந்துக் கம்பெனியில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். எரிச்சல் எனக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது.

வேலையில் மட்டும் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. பல்செட்டை முதலில் மெழுகில் செய்து, ஆள் வாயில் வைத்துப் பார்த்து, சரிவந்த பிறகுதான் கெட்டியாக வார்ப்பார். அதற்கப்புறமும் வலிக்கிறது என்று யாராவது தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தால் முகம் சுளிக்க மாட்டார். "எங்க குத்துது? இங்கயா? இருங்க, ஒரு தட்டு தட்டிடறேன்" என்று சின்னச் சக்கரத்தில் கொடுத்து அந்த இடத்தைத் தேய்த்துத் தருவார். மறுபடி வந்தால் மறுபடி தேய்ப்பார். வந்தவர் சிரித்துக்கொண்டு போகும்வரை விட மாட்டார்.

பட்டறையை விற்ற கையோடு அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. இரண்டே பேர் உட்காரும் கார். சாலையோடு சாலையாகப் படுத்திருக்கும். அதே மாதத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். பார்த்துக்கொள்ள நான் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது. அதனால் அந்த வீட்டில் எல்லாமே எழும்பி நின்றன. கட்டிலுக்குக் கீழே மரக்கட்டை, நாற்காலியில் இரண்டு தலையணை, கழிப்பறையில் உயரப் பீடம். அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடப்பாள், ஜன்னலோரம் வந்ததும் நின்று தெருவைப் பார்ப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மகள் கடலோர ஊரில் புதுவீட்டுக்குக் குடிபோயிருந்தாள். கால் கொஞ்சம் தேறியதும் அங்கே போக வேண்டும், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்காற்று முகத்தில் பட உட்கார்ந்து போக வேண்டும். இதை அவள் அத்தானிடம் சொன்னதே இல்லை. அவள் எதைத்தான் சொன்னாள்?

அத்தானுக்கோ வேறு கவலை. பழைய உயரமான காரைப் புதுக் காருக்கு ஈடாகக் கொடுத்தாகிவிட்டது. நிறம் முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது சீட். காரோடு வரும் சாதாரண சீட்டில் பித்தான் உண்டு, அமுக்கினால் உயரும், சாயும். அது இலவசம். தனியாகக் காசு கொடுத்தால் பந்தய சீட் தருவார்களாம். கார்பன் இழையில் வார்த்த ஒரே ஓடு. உயராது, சாயாது. இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி சுவர். போட்டால் இரண்டுக்கும் போட வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கிடையாது. அந்த இரண்டு சீட்டின் விலைக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் சின்னக் காரில் ஒன்றை வாங்கிவிடலாம்.

"அது இருந்தா வண்டி வெயிட்டு பன்னெண்டு கிலோ குறையும், தெரியுமா?" என்றார் என்னிடம், சாப்பிட உட்கார்ந்த இடத்தில்.

"உங்க தட்டுல இருக்கறதைக் குறைச்சா இன்னும் குறையுமே, அத்தான்."

காதில் வாங்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை போனில் வீடியோ. எவனோ ஒருவன் மலைப்பாதை வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே அந்த சீட்டைப் புகழ்வான், இவர் சோற்றுக் கையோடு தலையை ஆட்டுவார். விற்கும்போது விலை கிடைக்குமா, முதுகு தாங்குமா, வெயிலில் சுடுமா என்று எல்லாவற்றையும் அலசினார். பக்கத்து சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அவர் வாயில் ஒருநாளும் வரவில்லை. பக்கத்து அறையில் மனைவி எழுந்து நிற்க முடியாமல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சீ என்று இருந்தது எனக்கு.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "அக்கா இதுல எப்படி உட்காருவா?"

கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது. "அவளுக்கு டாக்சி வச்சுடலாம்மா. சௌகரியமாப் போவா. நான் முன்னாடியே போய்க்கிட்டிருப்பேன், வழி தெரியும்ல."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஏப்பம் விட்டார். அந்த ஏப்பத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தொழில் பழக்கம் விடுமா? மெழுகில் பார்க்காமல் எதையும் வார்க்காத மனிதர், சீட்டையும் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினார். கம்பெனிக்காரர்கள் வெளியிட்ட அளவுகளை எடுத்துக்கொண்டார். தெர்மகோலை அடுக்கி வெட்டி, அதன்மேல் பல் அச்சுக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டரைக் குழைத்துப் பூசி, கூடத்தின் நடுவே ஒரு பந்தய சீட்டை உண்டாக்கினார். வீடு முழுக்க வெள்ளைத் தூள். நான் காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி படியும், அக்காவின் மாத்திரை டப்பா மேல்கூட.

காய்ந்ததும் உட்கார்ந்தார். முகம் கோணியது. "இங்க குத்துது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எழுந்து, சின்னச் சக்கரத்தை எடுத்து, வலது சுவரை ஒரு தட்டுத் தட்டினார். மறுநாள் இடது பக்கம் குத்தியது. அதையும் தேய்த்தார். அதற்கு மறுநாள் தொடைக்கடியில். லுங்கியோடு அதில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பார். வயிறு ஒருபக்கம் சரியும். வியர்வை ஈரம் பிளாஸ்டரில் திட்டாகத் தெரியும். பிறகு எழுந்து அந்தத் திட்டைப் பார்த்தே தேய்ப்பார். இப்படி ஒரு வாரம் போனது. கடைசியில் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு அறிவித்தார்.

"பார்த்தியா? எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு. வாங்கிட வேண்டியதுதான்."

எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்கும்தான். அவ்வளவு அருவருப்பில் இருந்தேன், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது அக்கா நடைச்சட்டத்தோடு அந்த வெள்ளைச் சீட்டின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். சட்டத்தின் காலால் அதன் அடிப்பகுதியை மெல்லத் தட்டிப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் உயரத்தில் பாதிகூட இல்லை.

"இதுல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதுல்ல?" என்றாள்.

"உட்காரவே முடியாது. பிசியோ பொண்ணு பார்த்தா மயக்கம் போட்டு விழுவா."

"சாதா சீட்டுன்னா?"

"அதைக் கேட்டுட்டேன். முழுசா உயர்த்தி, ஒரு தலையணை போட்டுக்கிட்டா போகலாம்னு சொன்னா. நீ வாயத் தொறந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்க்கா."

"விடுடி. வாழ்க்கையில ஒண்ணு ஆசைப்பட்டுட்டார்."

இவர் ஆசைப்பட்டது ஒன்றா? பட்டறைக்கு இரண்டாம் மாடி கட்ட ஆசைப்பட்டபோது அக்காவின் வளையல் போனது. விலையுயர்ந்த நாய்க்கு ஆசைப்பட்டபோது அதற்குச் சோறு வைத்தவள் அக்கா. அவள் கணக்கில் மட்டும் அவருக்கு எப்போதும் இதுதான் முதல் ஆசை.

ஆர்டரில் கையெழுத்துப் போடும் நாளில் ஷோரூமுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. எங்கும் தோல் வாசனை, இறுக்கமான கோட்டில் ஒரு விற்பனையாளர், எதைக் கேட்டாலும் புன்னகை. அன்று அதிர்ஷ்டவசமாக ஒரு வாடிக்கையாளருக்காக வந்த கார் அங்கே நின்றது, பந்தய சீட்டோடு.

அத்தான் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். சுவரைத் தாண்டி உடம்பை இறக்கினார். பாதி வழியில் உடம்பு நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. மூச்சை இழுத்து ஒரு அமுக்கு அமுக்கினார். கார்பன் சுவர் இரண்டும் அவருடைய இடுப்புச் சதையைக் கவ்விக்கொண்டன. சட்டைப் பித்தான்களுக்கு நடுவே பனியன் பிதுங்கியது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஒரு வாரம் முழுக்க இந்த மனிதர் குத்திய இடத்தையெல்லாம் தேய்த்திருக்கிறார். கூடத்தில் இருப்பது கம்பெனியின் சீட் இல்லை, இவருடைய பின்பக்கத்துக்குச் செய்த பல்செட்.

அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. பழக்கதோஷத்தில் விற்பனையாளரை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "தம்பி, இங்க லேசாக் குத்துது. ஒரு தட்டு தட்டிக்கலாமா?"

"சார், அது கார்பன்."

"தேச்சா வராதா?"

"வராது சார். உடம்புதான் சார் அதுக்குத் தகுந்த மாதிரி வரணும்" என்றார் அவர், புன்னகை மாறாமல்.

எழ முயன்றார். சீட் விடவில்லை. அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒரு கையையும் விற்பனையாளர் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். என்னவோ கிழியும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் நேராக நிற்க முடியாமல், அந்தப் பளபளப்புத் தரையில் நாலு காலில் ஊன்றி மூச்சு வாங்கினார். விற்பனையாளர் ஒரு துணியை எடுத்துச் சீட்டிலிருந்த ஈரத்தைத் துடைத்தார். அவர் துடைத்த அழகைப் பார்த்து எனக்கே கூசியது. கூட வந்தவள் நானாயிற்றே.

ஐந்து நிமிடத்தில் சாதாரண சீட் என்று கையெழுத்தாகிவிட்டது. மிஞ்சிய காசு சும்மா இருக்குமா? அதிகமாக உறுமும் புகைக்குழாய் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா ஜன்னலோரத்திலிருந்து திரும்பினாள். "முடிஞ்சுதா?"

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடம் போனார்.

"அந்த சீட்டு வேணாம்னுட்டேன். நீ எப்படி உட்காருவ? உனக்காகத்தான்."

என் வாய் திறந்தேவிட்டது. புகார்ப் பிரிவில் இத்தனை வருடத்தில் எத்தனையோ பொய்யைப் படித்திருக்கிறேன், இவ்வளவு வழவழப்பான பொய்யைப் பார்த்ததில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். நடைச்சட்டத்தை விட்டுவிட்டு, பிடிமானம் இல்லாமலே அவரை நோக்கி ஓரடி வைத்தாள். அவள் தனியாக வைத்த முதல் அடி அது. நான் எல்லாவற்றையும் மென்று முழுங்கினேன்.

கார் வந்தது. சீட்டை முழுக்க உயர்த்தித் தலையணை போட்டு அக்காவை உட்காரவைத்தோம். கடலோர ஊருக்குப் போய் வந்தார்கள். கண்ணாடியை இறக்கியே போனாளாம், தலை முழுக்க உப்புக் காற்று. இதற்காக நான் யாருக்காவது நன்றி சொல்வதென்றால் அத்தானின் தொப்பைக்குத்தான் சொல்ல வேண்டும். நினைத்தாலே குமட்டுகிறது.

போன வாரம் அங்கே போயிருந்தேன். பிளாஸ்டர் சீட் இன்னும் கூடத்தின் நடுவிலேயே கிடக்கிறது. அத்தான் வெளியே காரை உறுமவைத்துக்கொண்டிருந்தார். அக்கா உயர நாற்காலியில் உட்கார்ந்து, நீளக் கம்பில் துணி கட்டி, எட்டி எட்டி அந்தச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கண்றாவிய இன்னுமா வச்சிருக்க? தூக்கித் தெருவுல போடறேன் இரு."

"தொடாதடி" என்றாள். "இத்தனை வருஷத்துல எனக்காக அவர் வேணாம்னு விட்ட ஒரே பொருள். இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தேய்த்துத் தேய்த்து அகலமாக்கிய இரண்டு பள்ளங்களிலும் தூசி நிறையச் சேர்ந்திருந்தது. அவளுடைய கம்பு அங்கே எட்டவில்லை. துணியை அவிழ்த்து வாங்கி, குனிந்து, அந்த இடத்தை நானே துடைத்தேன்.